விளைவித்தவர் விலை சொல்லட்டும்!

கடைக்குப் போகிறோம். ஒரு தீப்பெட்டி வாங்குகிறோம். விலையைக் கடைக்காரர் சொல்கிறார்.

துணி எடுக்கிறோம். விலையைத் துணிக்கடைக்காரர் சொல்கிறார்.

சோப்பு, சீப்பு, கண்ணாடி எதை வாங்கினாலும் விற்கிறவர்தான் விலை சொல்கிறார். வாங்குகிறவர் பேரம் பேசலாம். ஆனால் முதல் பேச்சு விற்பவருடையது.

ஒரே ஓர் ஆள் மட்டும் தன் சரக்கைக் கொண்டு போய் வைத்துவிட்டு, "என்ன விலை போடுவீங்க?" என்று வாங்குகிறவரையே கேட்கிறார்.

அவர்தான் விவசாயி!

நமக்குச் சோறும் குழம்பும் தருகிறவருக்குத் தன் சரக்கின் விலையைச் சொல்லும் உரிமை ஏன் இல்லை? இதைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் யோசிப்போம்.

மலையடிவாரத்து ஊர்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர்ப் பக்கம் உள்ளது ராசிங்காபுரம். அண்ணாந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். கீழே கிணற்றுப் பாசன நிலமும், மழையை நம்பிய மானாவாரி நிலமும்.

இந்தப் பக்கத்து விவசாயிகளில் பெரும்பாலோர் பெரிய பண்ணையார்கள் அல்ல. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாடுபடுகிறவர்கள்.

இப்படி ஒரு குடும்பம் தக்காளி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நாற்று வாங்கியாயிற்று. உரம், மருந்து வாங்கியாயிற்று. களை எடுத்தாயிற்று. பழம் சிவந்துவிட்டது. பறித்துப் பத்துப் பெட்டியில் அடுக்கியாயிற்று. வண்டி வாடகை பேசி, விடிவதற்கு முன்பே மண்டிக்குக் கொண்டு போயாயிற்று.

அங்கே நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"என்ன அண்ணே, இன்னிக்கு என்ன விலை?"

"வரத்து ஜாஸ்திப்பா. நேத்து விலை இன்னிக்கு இல்லை."

"பறிகூலிக்குக்கூடக் கட்டாதே அண்ணே!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வேண்டாம்னா திருப்பி எடுத்துட்டுப் போ."

திருப்பி எடுத்துப் போக முடியுமா? முடியாது. திரும்பப் போகவும் வண்டி வாடகை வேண்டும். வீட்டுக்குப் போவதற்குள் பழம் கனிந்துவிடும். மறுநாள் அழுகிவிடும்.

ஆகவே, சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வருகிறார். அந்தப் பணத்திலும் கமிஷன் போகும். இறக்குகூலி போகும். வண்டி வாடகை போகும். மிச்சம் சட்டைப் பையில் வரும். சில நாள் மிச்சமே வராது!

ஒரு ரூபாயில் எத்தனை காசு?

"பட்டணத்தில் தக்காளி விலை ஏறிவிட்டது" என்று நாம் சங்கடப்படுகிறோம். அந்தப் பணமெல்லாம் விவசாயிக்குப் போகிறது என்று நினைக்கிறோம்.

போகிறதா?

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஓர் ஆய்வை வெளியிட்டது. தக்காளிக்காக நாம் ஒரு ரூபாய் கொடுத்தால், அதில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. இதுதான் அந்த ஆய்வின் கணக்கு.

மீதி எங்கே? வண்டி வாடகை, கூலி, கமிஷன், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, வழியில் அழுகிப் போன பழம் என்று பல கைகளில் பிரிகிறது.

இடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கொள்ளை அடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களும் உழைக்கிறார்கள். நஷ்டமும் படுகிறார்கள். என்றாலும், மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் நின்றவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது நியாயம்தானா?

மலை மேலே என்ன கதை?

"தக்காளி அழுகும் சரக்கு. அதனால்தான் இந்தக் கஷ்டம். ஏலக்காய் அழுகாதே! மலைத் தோட்டக்காரர்கள் சுகமாக இருப்பார்களே!" என்று சிலர் நினைக்கலாம்.

அதையும் பார்ப்போம்.

ஏலக்காயைப் பச்சையாகப் பறித்து, ஸ்டோரில் வைத்து உலர்த்துகிறார்கள். சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். அதைச் சலித்துத் தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஸ்பைசஸ் போர்டு என்னும் மத்திய சர்க்கார் வாரியத்தின் மேற்பார்வையில் இந்த ஏலம் நடக்கிறது. தமிழ்நாட்டில் போடிநாயக்கனூரிலும், கேரளத்தில் புற்றடியிலும் ஏல மையங்கள் உண்டு. ஒரு காலத்தில் வாய்விட்டுக் கூவி ஏலம் விட்டார்கள். இப்போது வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். விலை எல்லோர் கண்ணுக்கும் திரையில் தெரிகிறது.

இது நல்ல ஏற்பாடு. மண்டியில் ஒருவர் காதோடு காதாகச் சொல்லும் விலையைவிட, பலர் போட்டியிட்டுக் கேட்கும் விலை மேல். விலை பிடிக்காவிட்டால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு.

ஆனாலும் விலை என்ன ஆட்டம் ஆடியது, தெரியுமா?

2018-இல் கேரளத்தில் பெருவெள்ளம். அதற்குப் பிறகு வறட்சி. விளைச்சல் குறைந்தது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போய்ச் சாதனை படைத்தது. ஊரெங்கும் அதே பேச்சு! பலர் கடன் வாங்கிப் புதிதாகச் செடி வைத்தார்கள்.

2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

அதே செடி. அதே உரம். அதே கூலி. விலை மட்டும் அதலபாதாளத்தில்!

ஏலத்தில் வாங்கிய காயையே சில வியாபாரிகள் மறுபடியும் ஏலத்துக்குக் கொண்டு வருகிறார்கள் என்பது விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லும் குறை. வரத்து அதிகம் போல ஒரு தோற்றம் உண்டாகிறது. விலை இறங்குகிறது என்கிறார்கள்.

இதிலே யாருக்கு அடி அதிகம்? பெரிய தோட்டக்காரர் காயை மூட்டையில் கட்டி வைத்துக் காத்திருப்பார். ஓர் ஏக்கர்க்காரர் காத்திருக்க முடியுமா? அவருக்குச் சொந்தமாக ஸ்டோர் இல்லை. வெள்ளிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். ஆகவே பச்சைக் காயாகவே பக்கத்து வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார்.

கீழே தக்காளிக்காரருக்கும், மேலே ஏலக்காய்க்காரருக்கும் நோய் ஒன்றுதான். அதன் பெயர் தனிமை. தனி ஆளாகப் போய்ச் சந்தையில் நிற்கிறார்கள்.

மருந்து என்ன?

நம் பாட்டிமார் சொன்ன மருந்துதான். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை!

இது வெறும் பழமொழி அல்ல. நம் நாட்டில் நடந்து காட்டிய காரியம்.

குஜராத்தில் கைரா என்று ஒரு ஜில்லா. அங்கே விவசாயிகள் எருமை வளர்த்துப் பால் கறந்தார்கள். அந்தப் பாலைச் சேகரித்துப் பம்பாய்க்கு அனுப்பும் உரிமை பால்சன் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலை எப்படி இருக்கும்? அவர் வைத்ததுதான் விலை.

விவசாயிகள் சர்தார் வல்லபாய் படேலிடம் போய் முறையிட்டார்கள். "நீங்களே ஒரு சங்கம் அமையுங்கள். உங்கள் பாலை நீங்களே விற்பனை செய்யுங்கள்" என்று அவர் யோசனை கூறினார். மொரார்ஜி தேசாயை அனுப்பி வைத்தார். 1946 ஜனவரியில் சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. சர்க்கார் இணங்காததால், 15 நாட்கள் யாரும் வியாபாரிக்குப் பால் ஊற்றவில்லை. பம்பாய்க்குப் பால் போகவில்லை.

15 நாள் வருமானம் போனால் ஏழை வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அப்படியும் அவர்கள் பிரியவில்லை. கடைசியில் சர்க்கார் இணங்கியது.

1946 டிசம்பர் 14-ஆம் தேதி சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். ஆரம்பத்தில் இரண்டு கிராமங்கள்தான். நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால்தான். 1949-இல் குரியன் என்ற இளம் என்ஜினீயர் வந்து சேர்ந்தார்.

அந்தச் சங்கம்தான் இன்று உலகம் அறிந்த "அமுல்"! குஜராத்தில் சுமார் 36 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் இந்த அமைப்பின் கீழே இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் உண்டு

"அது வடக்கே. நம் ஊருக்குச் சரிப்படுமா?" என்று கேட்பார்கள்.

கூட்டுறவு நமக்குப் புதிது அல்ல. 1904-லேயே திருவள்ளூருக்கு அருகே திரூரில் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் பிறந்தது.

நீலகிரி மலையைப் பாருங்கள். தேயிலையைப் பறித்தால் அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். சிறு விவசாயியால் தொழிற்சாலை கட்ட முடியுமா? தனியாக முடியாது. சேர்ந்து கட்டினார்கள்! கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் உண்டாயின. 1965-இல் அவற்றுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டது. அதுதான் "இன்கோசர்வ்".

ஏலக்காய் மலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இடுக்கி மகிளா கார்டமம் புரொட்யூசர் கம்பெனி, வண்டன்மேடு கிரீன் கோல்டு கார்டமம் புரொட்யூசர் கம்பெனி என்ற பெயர்களைப் போடி ஏலத்தைக் கவனிக்கிறவர்கள் அறிவார்கள். இவை உற்பத்தியாளர் கம்பெனிகள். முதல் பெயரில் உள்ள "மகிளா" என்ற சொல்லுக்குப் பெண்கள் என்று பொருள். ஏலத்துக்குக் காய் அனுப்பி, வந்த விலையை வாங்கிக்கொண்டு போவது ஒரு நிலை. ஏலம் நடத்தும் இடத்திலேயே போய் உட்காருவது வேறு நிலை அல்லவா?

தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடையில் யாரும் இல்லாமல் விவசாயியே மக்களுக்கு விற்கும் ஏற்பாடு அது. நல்ல திட்டம்தான். ஆனால் எல்லோராலும் தினமும் சந்தையில் போய் உட்கார முடியாது. வயலை யார் பார்ப்பது? சரக்கு அதிகமாக இருந்தால் எப்படி விற்பது? அதற்குச் சங்கம் வேண்டும்.

பத்துப் பேர் போதும்!

சட்டம் என்ன சொல்கிறது?

2002-இல் கம்பெனிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் ஓர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாம். சாதாரணக் கம்பெனியில் பணம் அதிகம் போட்டவருக்கு ஓட்டு அதிகம். இங்கே அப்படி இல்லை. பத்து ஏக்கர் உள்ளவருக்கும் ஒரு ஓட்டு. அரை ஏக்கர் உள்ளவருக்கும் ஒரு ஓட்டு!

தமிழ்நாட்டில் 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் தொடங்கியது. 20 சிறு விவசாயிகள் ஒரு குழு. இப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்தால் 100 பேர். அந்த நூறு பேருக்கும் பொதுவாகப் பண்ணைக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

2020-இல் மத்திய சர்க்கார், நாடு முழுவதும் 10,000 உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சமவெளியில் 300 பேர், மலைப்பகுதியில் 100 பேர் சேர வேண்டும் என்று வைத்தார்கள். உறுப்பினர் போடும் பங்குப் பணத்துக்குச் சமமாக, ஆளுக்கு 2,000 ரூபாய் வரை சர்க்காரும் போடும் என்றார்கள். 300 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் 3 லட்சம். சர்க்கார் பங்கு 3 லட்சம். மொத்தம் 6 லட்சம் கையில்! 2025 பிப்ரவரியில் 10,000-ஆவது அமைப்பும் தொடங்கப்பட்டது.

பெயர்ப்பலகை மாட்டுவது சுலபம். பலகைக்குக் கீழே தராசு ஆடுகிறதா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஓர் ஊரில் 20 தக்காளி விவசாயிகள். ஆளுக்குப் பத்துப் பெட்டி. தனித்தனியே மண்டிக்குப் போனால் 20 பேரின் ஒரு நாள் வேலை கெடுகிறது. 20 பேர் வாடகை கொடுக்கிறார்கள்.

சேர்ந்து அனுப்பினால்? 200 பெட்டி ஒரே லாரியில் போகும். இரண்டு பேர் கூடப் போனால் போதும். 18 பேர் வயலில் இருக்கலாம்.

பத்துப் பெட்டிக்காரர், "இந்த விலைக்குத் தரமாட்டேன்" என்றால் மண்டிக்காரர் சிரிப்பார். 200 பெட்டிக்காரர் சொன்னால் தலையைச் சொறிவார்!

இன்னும் உண்டு. சங்கம் காலையில் நான்கு ஊர் விலையைப் போனில் விசாரிக்கலாம். எங்கே விலை அதிகமோ அங்கே லாரியைத் திருப்பலாம். உரத்தையும் விதையையும் மொத்த விலைக்கு வாங்கலாம். மக்காச்சோளம், நிலக்கடலை போன்ற அழுகாத சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்து, பொருளீட்டுக் கடன் வாங்கி, விலை ஏறும்வரை காத்திருக்கலாம்.

சங்கம் ஏன் கவிழ்கிறது?

இவ்வளவு நன்மை இருந்தும் பல சங்கங்கள் இரண்டு வருஷத்தில் படுத்துவிடுகின்றன. ஏன்? உண்மையை மறைக்காமல் பேசுவோம்.

முதல் காரணம், ஒரு ரூபாய் ஆசை. சங்கம் தொடங்கியதும் வெளி வியாபாரி வருவார். "சங்கத்தைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் அதிகம் தருகிறேன்" என்பார். பாதிப் பேர் அவரிடம் ஓடுவார்கள். சங்கத்தின் லாரி பாதி காலியாகப் போகும். நஷ்டம் வரும். சங்கம் மூடும். மறுநாள் அந்த வியாபாரி விலையை மூன்று ரூபாய் இறக்குவார்!

இரண்டாவது காரணம், கணக்கு. பணம் எங்கே போயிற்று என்று உறுப்பினருக்குத் தெரியாவிட்டால் நம்பிக்கை போய்விடும். ஊரில் பெரியவர் என்பதற்காக ஒருவரே தலைவர், ஒருவரே பொருளாளர், அவர் மைத்துனரே கணக்கர் என்றிருந்தால் அது சங்கமா? அது குடும்பச் சொத்து!

மூன்றாவது காரணம்தான் மிக முக்கியம். அது கடன்.

மண்டிக்காரரை நாம் திட்டுகிறோம். ஆனால் இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விவசாயி யாரிடம் ஓடுகிறார்? மகளுக்குக் கல்யாணம் என்றால் யார் முன்பணம் தருகிறார்? மண்டிக்காரர்தான்! பத்திரம் கேட்பதில்லை. ஜாமீன் கேட்பதில்லை. "சரக்கை என் கடைக்கே போடு" என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த ஒரு நிபந்தனைதான் கயிறு. சரக்கு மண்டிக்கு வருவதற்கு முன்பே விவசாயி கட்டுப்பட்டுவிடுகிறார். கட்டுப்பட்டவர் எப்படிப் பேரம் பேசுவார்?

ஆகவே, விற்பனையை மட்டும் பார்க்கும் சங்கம் நிலைக்காது. அவசரத்துக்குக் கைகொடுக்கும் சங்கம்தான் நிலைக்கும். உறுப்பினர்கள் வாரம் ஒரு சிறு தொகை சேர்த்து அவசர நிதி வைக்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் வங்கியையும் அணுக உறுப்பினருக்குத் துணை போகலாம். ஈடு இல்லாத விவசாயக் கடனின் வரம்பை 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாயாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை சங்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், பாதிக் கயிறு அறுந்துவிடும்.

சங்கம் சரக்கை வாங்கியதும் பணத்தையும் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். மண்டியில் உடனே பணம், சங்கத்தில் பதினைந்து நாள் கழித்து என்றால் ஏழையால் காத்திருக்க முடியாது. அவர் துரோகி அல்ல. அவருக்கு அரிசி வாங்க வேண்டும்!

ராசிங்காபுரத்துக்கு ஒரு வார்த்தை

ராசிங்காபுரம் விவசாயிகளே! அதைப் போன்ற நூறு ஊர்களில் இருக்கும் விவசாயிகளே!

ஆயிரம் பேர் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரே பயிர் போடும் இருபது பேர் முதலில் சேருங்கள். ஒரு நல்ல எடைத் தராசு வாங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யார் எத்தனை கிலோ போட்டார், என்ன விலைக்குப் போயிற்று, செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். அதை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள்.

பெண்களை உறுப்பினராகச் சேருங்கள். நாற்று நடுவதும், களை எடுப்பதும், பழம் பறிப்பதும் அவர்கள். விலை பேசும் இடத்தில் மட்டும் அவர்கள் இல்லாமல் போவது ஏன்? மகளிர் சுய உதவிக் குழுவில் காசுக்குக் காசு கணக்கு வைத்துப் பழகியவர்கள் அவர்கள். நோட்டுப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்!

கட்சி, ஜாதிச் சண்டையைச் சங்கத்தின் வாசற்படிக்கு வெளியே செருப்போடு சேர்த்துக் கழற்றி வையுங்கள். தக்காளிக்கு ஜாதி இல்லை. தராசுக்குக் கட்சி இல்லை.

ஒரு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று யாராவது வந்தால், அந்தக் கைரா ஜில்லாக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 15 நாள் பொறுத்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. சங்கத்தைப் பதிவு செய்து புகைப்படம் எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. முதல் மூன்று வருஷம் கூடவே இருந்து நடை பழக்க வேண்டும். குளிர்சாதனக் கிடங்கும், பச்சைக் காய் உலர்த்த ஊர்ப் பொது ஸ்டோரும் வேண்டும். அதிகாரி ஊரைத் தேடி வர வேண்டும்.

பட்டணத்தில் இருக்கும் நமக்கும் பங்கு உண்டு. துணிக்கடையில் வாய் திறக்காமல் பணம் கொடுத்துவிட்டு, கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்குச் சண்டை போடுகிறோமே! உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் அங்கே போவோம். விவசாயிகள் சங்கம் கடை வைத்தால் அங்கே வாங்குவோம்.

நாளைக் காலையும் மலையடிவாரத்திலிருந்து பெட்டிகள் புறப்படும். அந்தப் பெட்டிகள் தனித்தனியாகப் போனால், பழைய கேள்விதான்: "என்ன விலை போடுவீங்க?"

சேர்ந்து போனால், அன்றைக்கு மண்டிக்காரர் கேட்பார்:

"என்ன விலை சொல்றீங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்கும் நாள் ஒவ்வொரு விவசாயிக்கும் வரட்டும்!